கூழ் குடித்த தோள்

புறநானூற்றின் 83, 84, 85 ஆகிய மூன்று பாட்டுகளும் நக்கண்ணையார் என்ற பெண் பாடியவை. பெருங்கோழி நாய்கன் மகள் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள். கோழி என்பது உறையூர். நாய்கன் என்றால் வணிகன். நான் பாடம் நடத்தும் திருச்சிக் கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் அவருடைய ஊர். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன்மேல், ஆமூர் மல்லனை மற்போரில் வென்றவன்மேல், தனக்கு வந்த ஆசையைத் தன் வாயாலேயே சொன்னவர். என் ஆள் கூழைக் குடித்துக்கொண்டும் தோள் பெருத்திருக்கிறான், நானோ பக்கத்திலேயே இருந்தும் பசலை பாய்ந்து கிடக்கிறேன் என்பது 84ஆம் பாட்டின் சாரம். ஆணின் உடலை ஒரு பெண் நேருக்கு நேர் பார்த்துச் சொல்லியிருக்கிறாள் என்பதற்காகவே இதை நான் நிதானமாக நடத்துவேன்.

2023 ஜூலையில் அப்படி நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"அம்மா, கூழுல புரோட்டீனே கம்மி. அப்புறம் எப்படித் தோள் வந்திருக்கும்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவன், "மாஸ்டர் ஊசி போட்டிருப்பாருடா" என்றான். அதற்குப் பையன்களிடமிருந்து வந்த சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிது. பெண்பிள்ளைகளில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவர்களுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. புற்கை என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிப்போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

அந்தச் சிரிப்புக்குப் பொருள் என் வீட்டிலேயே இருந்தது. அது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆனது.

அப்போது எங்களோடு என் அக்கா மகன் தங்கியிருந்தான். 2021இல் திருச்சியில் பி.காம். சேர்ந்தபோது, துறையூரிலிருந்து தினம் வந்துபோவது கஷ்டம் என்று அக்கா என்னிடம் விட்டாள். வந்தபோது ஐம்பது கிலோகூட இருக்க மாட்டான். சொந்தக்காரர்கள் சின்ன வயதிலிருந்தே அவனை நெத்திலி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் அவன் இலையில் சோற்றை வைத்துக்கொண்டே, "நல்லா சாப்புடுடா, ஆடிக்காத்துல உன்னத் தேட முடியாது" என்று நானும் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். பெண்ணுடலைக் கேலி செய்பவர்களைக் கவிதைகளில் நான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த அதே வருடங்கள்தான் அவை.

முதல் வருடமே உறையூர்ப் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்தான். எனக்குச் சந்தோஷம். விடியற்காலை ஐந்தரைக்கு எழுந்திருக்கிறான், குடியில்லை, சிகரெட் இல்லை. ஒரு சித்திக்கு வேறென்ன வேண்டும்?

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு வாரம் அவள் இரவுச் சோற்றை ஒதுக்கினாள். நான்காம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். யார் என்ன சொன்னார்கள், எந்த வீடியோவைப் பார்த்தாய், இடுப்பளவு என்ற எண் யாருக்குத் தேவை என்று உட்காரவைத்துப் பேசினேன். அதே மேசையில் எதிரே அமர்ந்து அவன் எட்டு அவித்த முட்டைகளைப் பிளந்து, மஞ்சள் கருவை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தான். அதை நான் வளரும் பையனின் பசி என்று எடுத்துக்கொண்டேன். மஞ்சள் கருவை வீணாக்க மனமில்லாமல் மறுநாள் பொரியலில் உதிர்த்துப் போட்டேன். ஒரே மேசையில் இரண்டு பிள்ளைகள் தங்கள் உடம்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றைப் பார்க்க எனக்கு இருபது வருடப் படிப்பு இருந்தது. மற்றதைப் பார்க்கும் கண் எனக்கு இருக்கவில்லை.

உடம்பு ஏற ஏற அவன் பேச்சும் ஏறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். "ஷால் போட்டுட்டு வெளிய போ" என்று என் மகளை அதட்டினான். நான் அவனோடு கத்திச் சண்டை போட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. முதுகெல்லாம் சீழ் வைத்த பருக்கள், சித்திரை வெயிலிலும் சட்டைக்குள் இறுக்கமான பனியன், மார்பை உள்வாங்கிக் கூன் போட்ட நடை எல்லாமே அந்த நாட்களில் என் கண்முன்னால்தான் இருந்தன. ஆம்பளைத் திமிர் என்று பெயர் வைத்து முடித்த பிறகு அவனை மேற்கொண்டு கவனிக்க எனக்குத் தோன்றவில்லை.

அக்டோபரில் ஆயுத பூஜைக்காக வீட்டை ஒழுங்குபடுத்தினேன். அவன் அலமாரியில் துணிகளுக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. டமாக்சிஃபென்.

அந்தப் பெயரை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. 2015இல் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து இடது மார்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து வருடம் தினமும் ஒரு டமாக்சிஃபென். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் அந்த அட்டை எப்போதும் இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டுதான் அவன் வளர்ந்தான்.

அக்காவுக்குத் திரும்ப வந்துவிட்டது, என்னிடம் மறைத்துவிட்டு மகனை அனுப்பி மருந்து வாங்குகிறாள் என்று நினைத்துவிட்டேன். நிற்க முடியவில்லை. அவன் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் வந்ததும் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"அம்மாவுக்கு என்னடா? மறைக்காமச் சொல்லு."

"அம்மாவுக்கு ஒண்ணுமில்ல சித்தி."

"அப்ப இது யாருக்கு?"

வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வலது கையைத் தன் மார்பின்மேல் வைத்தான்.

"அம்மாவுக்குப் போச்சு. எனக்கு வளருது சித்தி."

மீதியை அடுத்த சில வாரங்களில் துண்டு துண்டாகச் சொன்னான். முதலில் புரதப் பொடி. அதற்கான காசைக் கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று சொல்லி அக்காவிடம் வாங்கியிருக்கிறான். அக்கா மகளிர் சுய உதவிக் குழுவில் கடனாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள். துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளர் அவள். எடை குறைந்த பிள்ளைகளைத் தராசில் உட்காரவைத்து எண்ணை நோட்டில் எழுதுவதும் சத்துமாவு கொடுப்பதும் அவள் வேலை. இங்கே அவள் பிள்ளை தன் எடையைத் தானே எழுதிக்கொண்டிருந்தான்.

பொடி போதவில்லை. கூடச் சேர்ந்தவர்களுக்குக் கை விம்மியது, இவனுக்கு இல்லை. "நேச்சுரலாப் போனா உனக்குப் பேரன் எடுக்கிற வயசுலதான் பாடி வரும்" என்று ஜிம் மாஸ்டர் சிரித்தாராம். பிறகு 'சைக்கிள்'. வாரத்துக்கு இரண்டு ஊசி என்று பன்னிரண்டு வாரம்: டெஸ்டோஸ்டிரோன், கூடவே நாண்ட்ரலோன். உடை மாற்றும் அறையில் ஒருவனுக்கு ஒருவன் இடுப்பில் குத்திக்கொள்வார்கள். ஒரு சைக்கிள் முடிந்து சதை வற்றியதும் பயந்துபோய் அடுத்த சைக்கிள். காம்புக்கு அடியில் கோலிக்குண்டு மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டபோது மாஸ்டரே இந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். "கைனோதான், எல்லாருக்கும் வர்றது" என்றாராம். மாஸ்டரைத் திட்டிவிட்டு வரலாம் என்று ஒருநாள் போனேன். முப்பது வயதுகூட ஆகாத பையன் அவர். மாவட்டப் போட்டியில் வாங்கிய கோப்பை மேசையில் இருந்தது. பக்கத்தில் இரத்தக் கொதிப்பு மாத்திரை. "நானும் போட்டதுதான் மேடம்" என்றார். திட்டப் போனவள் திரும்பி வந்தேன்.

நாங்கள் முதலில் போன மருத்துவர் திரையை இழுத்துவிடாமலே சட்டையைக் கழற்றச் சொன்னார். வாசலில் நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் சட்டையை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டான். மறுபடி அழைத்துப் போக ஒரு மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது.

இரண்டாவதாகப் பார்த்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஒரு பெண். அவர் தாளில் படம் போட்டு விளக்கினார். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்துகொண்டே இருந்தால், வேண்டிய அளவு இருக்கிறது என்று மூளை முடிவு செய்துவிடும். பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் கட்டளை நின்றுபோகும். விதைகள் சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு இல்லாமலே போகும். உள்ளே தேங்கியதில் ஒரு பகுதியை அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். அந்த ஈஸ்ட்ரோஜன் ஆணின் மார்பிலும் முலைத் திசுவை வளர்க்கும். மார்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் போய் உட்காரும் இடத்தை டமாக்சிஃபென் அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே மாத்திரை. ஆனால் திசு நாள்பட்டு இறுகிவிட்டால் மாத்திரைக்குக் கேட்காது, அறுவைதான். நல்ல கொழுப்பு குறையும், இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடிக்கும், வாய்வழி எடுக்கும் ஸ்டீராய்டுகள் கல்லீரலைக் கெடுக்கும். பள்ளிப் பருவத்தில் தொடங்கினால் எலும்பின் வளர்முனை முன்கூட்டியே மூடி உயரமும் நின்றுவிடும்.

ஆம்பளையாகத் தெரிய வேண்டும் என்று போட்டுக்கொண்ட ஊசி, விதையைச் சுருக்கி முலையை வளர்த்திருக்கிறது. கதையாக எழுதினால் செயற்கை என்பார்கள். உடம்பு அதைச் சாதாரணமாகச் செய்து முடித்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்து நான் தேடிப் படிக்கத் தொடங்கினேன். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் காளைகளின் விதைகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் அதை ஆய்வகத்தில் செய்தும் காட்டினார்கள். செய்த புடெனான்ட், ருசிச்கா இருவருக்கும் 1939ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு. சங்கப் பாட்டில் வாலிபனைக் காளை என்றுதான் சொல்வார்கள்; நக்கண்ணையாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். உவமையாக இருந்த காளை இப்போது குப்பிக்குள் வந்துவிட்டது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்டீராய்டுச் சோதனை வந்தது. 1988இல் சியோலில் நூறு மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சனின் தங்கத்தை ஸ்டானோசலால் பறித்தது. நம் நாட்டிலும் 2022இல் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் வந்திருக்கிறது. அது போட்டியில் ஓடுகிறவர்களுக்கு. பதக்கமும் வேண்டாம் பந்தயமும் வேண்டாம், டி-ஷர்ட்டில் கை நிறைந்தால் போதும் என்கிற உறையூர்ப் பையனை யாரும் சோதிக்கப் போவதில்லை. சீட்டில்லாமல் இந்த மருந்துகளை விற்கக் கூடாது என்பது சட்டம். சீட்டென்று ஒன்றை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை.

பெரிய உடம்பு வந்த பிறகும் கண்ணாடியில் தன்னைச் சிறியவனாகவே பார்க்கும் ஆண்களைப் பற்றி 1990களிலேயே அமெரிக்க உளவியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். முதலில் அதைத் தலைகீழான அனரெக்ஸியா என்றார்கள், பிறகு மசில் டிஸ்மார்ஃபியா. எழுபத்தெட்டுக் கிலோவில் நின்றுகொண்டு, "இன்னும் நெத்திலியாத்தான் தெரியுறேன் சித்தி" என்று அவன் சொன்னபோது எனக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. பந்தியில் விழுந்த சிரிப்பு மட்டும் ஞாபகம் வந்தது.

எங்கள் இளமையில் நாயகனுக்கு வயிற்றில் கட்டு தேவைப்படவில்லை. ஒல்லியான ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டால் போதும். 2008இல் 'வாரணம் ஆயிரம்' வந்தபோது சூர்யாவின் சிக்ஸ் பேக் பேச்சானது. 2014இல் 'ஐ' படத்தின் பாடல் வெளியீட்டுக்கு அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் சென்னைக்கே வந்தார். தான் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்ட மனிதர் அவர். படத்தின் நாயகன் ஆணழகன் போட்டிக்கு உடம்பை ஏற்றும் சென்னைப் பையன். துறையூர்த் தியேட்டரில் அதைப் பார்த்தபோது என் அக்கா மகனுக்குப் பன்னிரண்டு வயது. அந்த வருடம்தான் அவன் அம்மாவுக்கு மார்பை எடுத்தார்கள். வீடே மருத்துவமனையும் கடனுமாக இருந்தபோது பலமாக இருக்க வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னான். பலம் எப்படி இருக்கும் என்று அவனுக்குக் காட்டியது அந்தத் திரை ஒன்றுதான்.

காந்தி மார்க்கெட்டில் அதிகாலையில் வெங்காய மூட்டை தூக்குகிறவர்களின் முதுகை நான் பார்த்திருக்கிறேன். அதை யாரும் 'பாடி' என்று சொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுமந்து சுமந்து அந்த முதுகு அப்படி ஆகியிருக்கிறது. மரியாதை மட்டும் ஏறவில்லை. அந்தத் தெருக்களிலிருந்து கல்லூரிக்கு வந்த பிள்ளைகள், மூட்டை தூக்கி வராத சதை ஒன்று தங்களிடம் இருந்தால் உலகம் மதிக்கும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

பெண்ணியத் தொகுப்பில் பையன்களுக்கு ஏன் பரிந்து பேசுகிறாய் என்று தோழிகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பெண்ணின் உடல்மீது நடக்கும் வன்முறையும் இதுவும் ஒன்றல்ல. பெண்ணைச் சிறுத்துப் போகச் சொன்ன அதே குரல்தான் ஆணைப் பெருத்துப் போகச் சொல்கிறது என்றாலும், பெருத்தவன் கை யார்மேல் விழும் என்பது நமக்குத் தெரியும். என் மகளைத்தான் அவன் முதலில் அதட்டினான். ஆனால் கணக்கு அங்கே முடியவில்லை. முட்டை அவித்தது ஒரு பெண். கடன் வாங்கியது ஒரு பெண். மஞ்சள் கருவைத் தின்றது நானும் என் மகளும். ஊசியை நிறுத்திய பிறகு உடம்பு தன் சொந்த டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்க மாதக்கணக்கானது. அந்த மாதங்களில் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தவனைக் காவல் காத்ததும், இரவில் அவன் மூச்சு வருகிறதா என்று கதவருகே நின்று கேட்டதும் நானும் அக்காவும். ஆண்மை அழிய வேண்டும் என்று பெரியார் எழுதியதைப் பெண் விடுதலைக்கான வாக்கியமாகவே இருபது வருடம் வகுப்பில் சொல்லிவந்தேன். என் வீட்டில் அது ஒரு பையனின் உடம்பைத் தின்றுகொண்டிருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது நான் எம்.ஃபில். மாணவி. அந்த ஒரு சொல்லுக்காகப் பெண் கவிஞர்கள் வாங்கிய வசவுகளை நேரில் கேட்டவள். நம் உடம்பை நம் சொல்லால் சொல்வோம் என்று அன்று முடிவு செய்துகொண்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தச் சொல் எங்களுக்குக் கிடைத்தது. என் வீட்டுப் பையனிடம் தன் மார்பைச் சொல்ல எந்தச் சொல்லும் இல்லை. 'கைனோ' என்ற துண்டு ஆங்கிலத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, சட்டைக்குள் பனியனை இறுக்கிக்கொண்டான். மார்பு பெரிதாக இருப்பதற்காகத் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்ளும் பெண்ணின் கூச்சத்தை அவன் உடம்பால் தெரிந்துகொண்டான். அதைப் பின்னாளில் என் மகளிடம் அவனே சொன்னான். மன்னிப்பு என்ற வார்த்தையைப் பயன்படுத்தவில்லை. "உன்ன அன்னிக்கு அப்படிச் சொன்னேன்ல" என்று மட்டும் சொன்னான். அவள், "ஆமா, சொன்ன" என்றாள்.

அக்காவிடம் சொல்ல நான்தான் பயந்தேன். துறையூருக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா திட்டவில்லை, அழவில்லை. அறைக்குள் கூப்பிட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னாள். மருத்துவமனையில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபடி மூன்று விரல்களைச் சேர்த்து, வட்டம் வட்டமாக, அவன் மார்பை அழுத்திப் பார்த்தாள். இடது பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

"வலிக்குதா?"

"லேசா."

"எனக்கு வலிக்கல. அதான் லேட்டாயிடுச்சு" என்றாள்.

எட்டு வருடத்தில் தன் நோயைப் பற்றி மகனிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அது.

வலது பக்கக் கட்டி கரைந்துவிட்டது. இடது பக்கத்துக்கு 2024இல் அறுவை செய்தார்கள். காம்பைச் சுற்றிப் பிறைபோல ஒரு தழும்பு. இப்போது திருச்சியிலேயே ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் வேலை. ஜிம்முக்குப் போகிறானா என்று நான் கேட்பதில்லை; போகிறான் என்று தெரியும். ஊசி இல்லை என்கிறான். நம்புகிறேன், சில நாட்கள் நம்பவில்லை.

84ஆம் பாட்டை இந்த ஆண்டும் நடத்தினேன். நாட்டை விட்டு வந்து கூழ் குடித்துக் கிடந்த ஒருவனின் தோளை ஒருத்தி பெரிதென்று பார்த்தாள், அளவு நாடாவை யாரும் கொண்டுவரவில்லை என்று சொன்னேன். ஊசிகளைப் பற்றியும் சொன்னேன். விதை சுருங்கும் என்பதையும் முலை வளரும் என்பதையும் அந்தச் சொற்களிலேயே சொன்னேன். கடைசி பெஞ்சில் இந்த முறை சிரிப்பு வரவில்லை. மணி அடித்து எல்லோரும் போன பிறகு, முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பையன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். மார்பை உள்வாங்கி நின்ற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றான்.

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "உள்ள வா தம்பி" என்றேன்.